நிறைந்த வயிறும் நலிந்த கன்றும்

தை மாதத்தில் அரிவு வெட்டு முடிந்து, சூடும் அடித்து, நெல் வீடு சேர்ந்த பின்னர், வயற்கரைகளிலும் தரவைகளிலும் எருமைக் கன்றுகள் வைக்கோலை வேண்டியமட்டும் தின்னும். மாலையில் பட்டிக்குத் திரும்பும்போது அவற்றின் வயிறு இருபுறமும் புடைத்திருக்கும். கண்டவர் கன்றுக்கு யாதொரு குறையும் இல்லையென்றே எண்ணுவர். ஆயின் அக்கன்றின் முதுகைத் தடவிப் பார்ப்பவருக்கு எலும்பு கையில் தட்டும். உரோமம் நீண்டு பொலிவிழந்திருக்கும். வயது ஒன்றைக் கடந்தும் ஆறு மாதக் கன்றின் வளர்ச்சியே காணப்படும். வயிறு நிறைந்திருக்கின்றது, உடலோ பட்டினி கிடக்கின்றது. இம்முரண்பாட்டின் காரணத்தை விளங்கிக்கொள்ளாத வரையில் எருமை வளர்ப்பு கமக்காரருக்கு இலாபந் தரமாட்டாது.

வட மாகாணத்திற் பெரிய எருமைப் பட்டிகள் பூநகரி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய பகுதிகளிலேயே உள்ளன. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பசுவே மிகுதி, எருமை குறைவு. முன்னாளிற் சேறடிக்கவும் சூடு மிதிக்கவும் எருமை உதவிற்று. உழவு இயந்திரம் வந்தபின் அவ்வேலைகள் அதனைவிட்டு நீங்கின. இன்று எருமையை வைத்திருப்பதன் பயன் பாலும் எருவுமே. எருமைப் பாலிற் கொழுப்பு நூற்றுக்கு 7 பங்கு அளவில் உண்டு. பசுப்பாலில் 4 பங்கு அளவே உண்டு. கட்டித் தயிருக்கு எருமைப் பாலை விரும்புவதன் காரணம் இதுவே. எருவின் அருமையையோ அண்மைக் காலமே உணர்த்திற்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திற் பட்டியில் நாலு மாடு நின்ற கமக்காரரின் தோட்டத்திற்கும், ஒன்றுமே இல்லாதவரின் தோட்டத்திற்கும் இருந்த வேறுபாட்டை வெங்காயமும் மிளகாயும் செய்வோர் நன்கறிவர்.

ஆதலின் நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரர் ஓரிரு எருமை வைத்திருப்பது தக்கதே. அவ்வாறு வைத்திருப்பவர் முதலிற் கருத்திற் கொள்ளவேண்டியது கறக்கும் எருமையை அன்று, வளரும் நாகினையே. பால் தரும் எருமைக்குப் பிண்ணாக்கும், பால் தராத கன்றுக்கு மிஞ்சிய வைக்கோலும் என்னும் வழக்கம் மாறவேண்டும்.

எருமை எதையும் தின்னும் என்பது

எருமை எதையும் தின்று வாழும் என்பர். வளர்ந்த எருமையைப் பொறுத்தமட்டில் இதில் உண்மை உண்டு. அதன் இரைப்பையின் நான்கு அறைகளுள் முதலாவதாகிய பெரிய அறையிற் கோடானுகோடி நுண்ணங்கிகள் வாழ்கின்றன. அவை கரடான நாரை உடைத்து எருமைக்கு உணவாக்குகின்றன. இவ்வேலையில் எருமை பசுவைவிடச் சற்று வல்லது என ஆய்வுகள் பல காட்டியுள்ளன.

கன்றின் நிலை வேறு. பிறந்த கன்றில் அப்பெரிய அறை சிறுத்து வேலையற்றிருக்கும். அது வளர்ந்து தொழிற்பட மூன்று மாதமளவு செல்லும். அதுவரை கன்று பாலாலேயே வளரவேண்டும். அதன் பின்னரும் கன்றின் வயிறு சிறிது, தேவையோ பெரிது. வளர்ந்த எருமை உயிர் தாங்கி நிற்பதற்கு மட்டுமே உணவு தேடுகின்றது. கன்று உயிர் தாங்கவும் வேண்டும், எலும்பும் தசையும் கட்டவும் வேண்டும். தாய்க்குப் போதுமான வைக்கோல் கன்றுக்குப் போதாமைக்குக் காரணம் இதுவே.

சக்தியும் புரதமும்

கன்றின் உணவில் இரண்டு பொருள்களைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். ஒன்று சக்தி; மற்றையது புரதம். மாப்பொருள், சீனி, கொழுப்பு, சமிபாடடையக்கூடிய நார் ஆகியன சக்தியைத் தருவன. தவிட்டிலும் தானியத்திலும் நல்ல புல்லிலும் இவை உண்டு. புரதம் தசையைக் கட்டுவது. பிண்ணாக்கிலும் அவரையினச் செடிகளின் இலையிலும் அது மிகுதியாக உண்டு.

இவ்விரண்டுள் எது முக்கியம் எனக் கேட்பது, வேலி அடைக்கக் கதியால் முக்கியமோ கிடுகு முக்கியமோ எனக் கேட்பதை ஒக்கும். கதியால் இன்றிக் கிடுகை எங்கே கட்டுவது? கிடுகு இன்றிக் கதியாலை மட்டும் நட்டால் ஆடு உள்ளே வராதோ? இரண்டும் வேண்டும், ஒரே வேளையில் வேண்டும், தக்க அளவில் வேண்டும்.

வைக்கோல் மட்டும் தின்னும் கன்றின் வயிற்றில் நிகழ்வது யாதெனில்: வைக்கோலில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு புரதமே உண்டு. உணவிற் புரதம் 7 பங்குக்குக் குறைந்தால், வயிற்றிலுள்ள நுண்ணங்கிகள் நைதரசன் போதாமற் பெருகமாட்டா. அவை பெருகாவிடின் நார் சமிபாடடைதல் மந்தமாகும். தின்ற வைக்கோல் வயிற்றில் நெடுநேரம் தங்கும். தங்கிய வைக்கோல் இடத்தை அடைத்திருப்பதால் கன்று மேலும் தின்னாது. வயிறு புடைத்திருப்பதன் இரகசியம் இதுவே. புடைத்த வயிறு போதிய உணவின் அடையாளம் அன்று. உணவு நகராமைக்கு அடையாளம்.

இதனைக் கேள்வியுற்ற சிலர், கன்றுக்கு எள்ளுப் பிண்ணாக்கை மட்டும் கூடுதலாகக் கொடுத்து, வேறொன்றையும் கொடாது விடுவதுண்டு. இதுவும் பிழையே. சக்தி போதாத உடல் புரதத்தையே எரித்துச் சக்தியாக்கும். இது கூரைக்கென வைத்த பனஞ்சிலாகையை அடுப்பில் வைப்பது போன்றது. வயிற்றில் உடைந்த புரதம் அமோனியாவாக மாறும். அதனைப் பிடித்துத் தம் உடலாக்குவதற்கு நுண்ணங்கிகளுக்குச் சக்தி வேண்டும். அது இல்லையேல் அமோனியா இரத்தத்திற் சேர்ந்து, ஈரலில் யூரியாவாகிச் சிறுநீருடன் வெளியேறும். கமக்காரர் காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கின் ஒரு பகுதி இவ்வாறு கொட்டில் நிலத்திற் சிந்தப்படுகின்றது.

குடாநாட்டிற்கு இதனால் இன்னொரு தீங்கும் உண்டு. இங்கு நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக் கல். மேலே சிந்தும் நைதரசன் மழைநீருடன் விரைவிற் கிணற்றை அடையும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வரையறை மீறப்பட்டிருத்தலை 1980கள் முதல் ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. அளவுக்கு மிஞ்சிய உரமே இதற்குப் பெருங் காரணம். ஆயினும் மாட்டுக் கொட்டிலிற் சிந்தும் நைதரசனும் அதே கிணற்றையே அடைகின்றது. கன்றின் உடலிற் சேரவேண்டியது குழந்தை குடிக்கும் நீரிற் சேருதல் தகாது.

கணக்கிட்டுப் பார்த்தல்

நூறு கிலோ நிறையுள்ள எருமைக் கன்று நாளொன்றுக்கு 400 முதல் 450 கிராம் வரை வளரவேண்டுமாயின், ஈரம் நீக்கிய கணக்கில் ஏறத்தாழ 2.7 கிலோ உணவு வேண்டும். அதில் 350 கிராம் அளவு புரதமும், ஒன்றரைக் கிலோ அளவு சமிபாடடையும் பொருளும் இருத்தல் வேண்டும். வைக்கோலை மட்டும் தின்னும் கன்று இரண்டு கிலோ அளவே தின்னும். அதில் 80 கிராம் அளவு புரதமும், ஒரு கிலோவுக்குக் குறைந்த சமிபாடடையும் பொருளுமே உண்டு. புரதம் கால்வாசி, சக்தி அரைவாசிக்குச் சற்று மேல். இத்தகைய கன்று வளரவில்லையே என வருந்துவதிற் பயன் யாது?

இக்குறையைக் குடாநாட்டிற் கிடைக்கும் பொருள்களாலேயே நிரப்பலாம். நூறு கிலோக் கன்றுக்கு நாளொன்றுக்கு வேண்டுவன பின்வருமாறு:

வைக்கோல் - ஒன்றேகால் கிலோ.
சீமைக்கிளுவைக் குழை, பச்சையாக - 3 கிலோ.
உமி கலவாத நெல்லுத் தவிடு - முக்காற் கிலோ.
தேங்காய்ப் பிண்ணாக்கு - கால் கிலோ.
கறியுப்பும் தாதுப்புக் கலவையும் - சிறிதளவு.

இதிற் குழையும் பிண்ணாக்கும் புரதத்தின் பெரும் பகுதியைத் தருகின்றன. தவிடும் வைக்கோலும் சக்தியின் பெரும் பகுதியைத் தருகின்றன. இக்கலவையில் மேற்கூறிய 350 கிராம் புரதமும் ஒன்றரைக் கிலோச் சமிபாடடையும் பொருளும் ஏறத்தாழ அமைந்துள்ளன. கன்று வளர வளர வைக்கோலையும் குழையையும் கூட்டிக்கொள்ளல் வேண்டும். தவிடு வாங்கும்போது கையில் அள்ளி ஊதிப் பார்த்தல் நன்று. உமி மிகுந்த தவிடு விலையிற் குறைவாயினும் உணவில் வைக்கோலுக்கு மேற்பட்டதன்று. பழைய தவிடு எண்ணெய் காறிக் கன்றுக்கு ஒவ்வாதுபோம்.

நிறையறியத் தராசு வேண்டியதில்லை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனைவரை நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளக்க. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் நிறை கிலோகிராமில் ஏறத்தாழ வரும். சுற்றளவு 105, நீளம் 98 ஆயின் கன்று 100 கிலோ அளவினது. மாதம் ஒருமுறை அளந்து மாட்டுக் கொட்டிற் சுவரிற் கரியால் எழுதிவைத்தாற்கூடப் போதும். மாதத்திற்குப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறைவாக வளரும் கன்றின் உணவில் ஏதோ குறை உண்டென்று கொள்க.

வேலியே தீவனக் களஞ்சியம்

குடாநாட்டில் மேய்ச்சல் நிலம் இல்லை என்பது பலரும் கூறும் குறை. நிலம் சிறிது என்பது உண்மையே. ஆயினும் ஒவ்வொரு வளவையும் சூழ்ந்து வேலி இருக்கின்றது. சீமைக்கிளுவை இலையின் உலர்நிறையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற் புரதம் உண்டு. தேங்காய்ப் பிண்ணாக்கிலும் ஏறத்தாழ அவ்வளவே உண்டு. ஒன்று வேலியிற் காசின்றி வளர்கின்றது. மற்றையது கடையிற் காசுக்கு விற்கின்றது. புதிதாகக் கொடுக்கும்போது அதன் மணத்தாற் கன்று முகத்தைத் திருப்பும். வெட்டிய குழையைச் சில மணி நேரம் வாடவிட்டுத் தவிடு தூவிக் கொடுத்தால் ஓரிரு கிழமையிற் பழகிவிடும். முள்முருக்கு, அகத்தி ஆகியனவும் நல்லன. இப்பிலிப்பில் இலையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டாதலால், அதனை உணவின் மூன்றிலொரு பங்குக்குக் குறைவாகவே கொடுத்தல் வேண்டும்.

நெல்லுக்குப் பின் வயலில் உழுந்தோ பயறோ விதைப்பவர் அதன் கொடியை எரித்துவிடாது உலர்த்தி வைத்தல் வேண்டும். கோவா இலை, கரட் தழை முதலிய தோட்டக் கழிவுகளையும் கொடுக்கலாம். ஆயின் மருந்து தெளித்தவற்றை, தெளித்ததற்குரிய காத்திருப்புக் காலம் கழியாமற் கொடுத்தலாகாது. வெங்காயக் கழிவைக் குவியலாகக் கொட்டிக் கன்றைத் தின்னவிடுதல் தீது. வெங்காயம் மாட்டின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். பச்சையாக வெயிலிற் கிடந்த உருளைக்கிழங்கும், வாடாத மரவள்ளி இலையும் நஞ்சாகக்கூடும்.

வைக்கோலை யூரியாவாற் பதப்படுத்தும் முறை 1980களில் நெதர்லாந்தின் துணையுடன் இலங்கையில் ஆராயப்பட்டுக் கமக்காரரிடம் பரப்பப்பட்டது. நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமற் பொலித்தீனால் மூடி, இரு கிழமை வைத்துப் பின்னர் ஆறவிட்டுக் கொடுப்பது அம்முறை. இதனாற் புரதம் ஏறத்தாழ இருமடங்காகும். வைக்கோல் மெதுமையாகிச் சமிபாடும் கூடும். முறை நன்றே. ஆயினும் ஆறு மாதத்திற்குக் குறைந்த கன்றுக்கு அது ஆகாது. யூரியாவைக் கரையாமலோ கூடுதலாகவோ சேர்த்தாற் கன்று சில மணி நேரத்தில் இறந்துவிடும். யூரியா கிடைப்பதும் விலையும் கமக்காரர் கையில் இல்லை என்பதை 2021, 2022ஆம் ஆண்டுகள் காட்டின. ஓரிரு கன்று வைத்திருப்பவருக்கு யூரியாப் பையைவிட வேலிக் குழையே உறுதியான துணை.

பாலை விற்பதா, கன்றுக்குக் கொடுப்பதா?

இவ்வளவும் கன்றுக்குச் செலவிட்டாற் கமக்காரருக்கு மிஞ்சுவது யாது எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. வாரந்தோறும் வரும் பாற்காசில் அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக் கொப்பியும் வாங்கவேண்டிய வீட்டில், கன்று குடிக்கும் ஒவ்வொரு லீற்றரும் கண்ணில் உறுத்தவே செய்யும். ஆதலின் அதனையும் கணக்காகவே பார்த்தல் வேண்டும்.

முப்பது கிலோவாகப் பிறக்கும் முரா இனக் கலப்பு நாகு, 300 கிலோவை எட்டும்போது பெரும்பாலும் சினைப்படத் தகுதி பெறும். பருவம் எய்துவதற்கு வயதைவிட நிறையே முக்கியம். இடையில் வளரவேண்டியது 270 கிலோ. நாளுக்கு 450 கிராம் வளர்ந்தால் 600 நாள் செல்லும். அதாவது 20 மாதம். நாளுக்கு 225 கிராமே வளர்ந்தால் 1,200 நாள். அதாவது 40 மாதம். அதன் பின் எருமையின் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள். முதலாவது நாகு இரண்டரை வயதிற் பால் தரும்; இரண்டாவது நாலு வயது கடந்தே தரும்.

பிந்திய 20 மாதமும் அந்நாகு சும்மா நிற்பதில்லை. நாளுக்கு 5 கிலோ வீதம் 3,000 கிலோத் தீனியைத் தின்று, அதிற் பெரும் பகுதியை உயிர் தாங்குவதற்கே செலவிட்டு நிற்கும். அக்காலத்தில் ஓர் ஈற்றுப் பாலும் இழக்கப்படும். நாளுக்கு 4 லீற்றர் வீதம் 200 நாள் கறந்தாலும் அது 800 லீற்றர். மறுபுறத்தில், கன்றுக்கு முதல் இரண்டு மாதம் நாளுக்கு 3 லீற்றர் பால் விட்டால் ஆவது 180 லீற்றர். நூற்றெண்பதைச் சேமித்து எண்ணூறை இழப்பது சிக்கனம் ஆகாது. அன்றியும் கன்று இறந்தாற் பல எருமைகள் பாலைச் சுரவாது அடக்கிவிடும் என்பதைக் கறப்பவர் அறிவர். அப்போது கன்றும் இல்லை, பாலும் இல்லை.

ஆகவே கன்று பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் கடும்புப் பாலைக் குடிக்கச் செய்தல் முதற் கடமை. முதல் நாளிற் கன்றின் நிறையிற் பத்திலொரு பங்கு கடும்பு கிடைத்தல் வேண்டும். நோயை எதிர்க்கும் வலிமை அதனாலேயே வரும். பின்னர் இரண்டு மாதம் ஒரு முலையையேனும் கன்றுக்கென விட்டுக் கறத்தல் தகும். மூன்றாம் கிழமை முதல் தவிடும் பிண்ணாக்கும் கலந்து ஒரு பிடியும், இளங்குழையும் வைத்துப் பழக்கினாற் பாலைக் குறைப்பது எளிதாகும்.

இன்னொன்றும் நினைவிலிருத்தல் வேண்டும். எருமைக் கன்றைத் தாக்கும் பெருவட்டப்புழுவின் குடம்பி தாயின் பாலுடனேயே கன்றுக்குச் செல்வதை இலங்கை எருமைகளில் நடந்த ஆய்வுகளும் காட்டியுள்ளன. கன்று பிறந்த இரண்டாம் கிழமையில் மிருக வைத்தியரைக் கேட்டுப் புழுமருந்து கொடுக்காவிடின், மேற்கூறிய உணவெல்லாம் புழுவுக்கே உணவாகும். நண்பகலில் நிழலும் மேனியில் ஊற்றக் கிணற்று நீரும் வேண்டும். வெயிலில் இளைக்கும் எருமைக் கன்று முன்னே வைத்த தீனியையும் தின்னாது.

வரும் மாரிக்கு முன்னர்

கன்றுக்குக் காட்டும் கவனத்தைத் தருமம் என்றோ இரக்கம் என்றோ மட்டும் கொள்ளவேண்டியதில்லை. அது விதைநெல்லைப் பேணுவதை ஒத்த தொழில். விதைநெல்லைக் குற்றித் தின்பவர் எவரும் குடாநாட்டில் இல்லை; இன்றைய பசிக்கு நாளைய வயலை விற்கலாகாது என்பதை அவர் அறிவர். வளரும் நாகும் அத்தகைய விதையே. தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் ஆகும் செலவு கன்றின் முதலாண்டிற் பெரிதாகத் தோன்றினும், உண்மையில் அக்காலத்திலேயே அது மிகக் குறைவு. நூறு கிலோக் கன்றுக்கு ஒரு கிலோத் தவிடும் பிண்ணாக்கும் போதும். காலம் கடந்தபின் இழந்த மாதங்களை எத்தனை மூடை தீனியாலும் மீட்க இயலாது.

ஆடி, ஆவணி வறட்சியிற் புல் கருகிக் கன்று வாடிய பின்னர் தீவனத்தைப் பற்றி எண்ணுவது பயனற்றது. ஐப்பசி மழைக்கு முன் வேலியைத் திருத்தும்போதே, பட்டுப்போன கதியால்களுக்குப் பதிலாகச் சீமைக்கிளுவைக் கதியால்களை நடுதல் வேண்டும். மாரி முழுவதும் அவை வேரூன்றித் தழைக்கும். அடுத்த ஆண்டுக் கோடையில் வைக்கோலுடன் பச்சைக் குழையும் கன்றுக்குக் கிடைக்கும். அதனுடன் ஒரு கிலோத் தவிடும் பிண்ணாக்கும் சேருமாயின், அக்கன்றின் நிறைந்த வயிறு கமக்காரரை ஏமாற்றாது.